11 பிள்ளைகளின் அடைவுநிலையை வைத்து ஒரு பள்ளியை மதிப்பிட முடியுமா?

கேள்வி: பிறைவாசி

வணக்கம். மலேசியாவில் செபராங் பிறையில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். மாணவர் எண்ணிக்கை 150-ஐத் தொடாததால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற வகையில் வரும் பள்ளி. என் மகள் அங்கே நான்காம் ஆண்டு படிக்கிறாள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன்.

வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 3-ஐ எட்டினால் குறைந்தபட்ச நிலையை அடைந்ததாகப் பொருள். எங்கள் பள்ளியில் 2024-இல் ஆறாம் ஆண்டை முடித்த 14 பேரில் 13 பேர் மலாய்மொழியில் அந்த நிலையைத் தொட்டார்கள். 2025-இல் 11 பேரில் 8 பேர்தான். யாரோ இதை விழுக்காடாக மாற்றி, 92.9 எங்கே, 72.7 எங்கே, பள்ளி 20 விழுக்காடு சரிந்துவிட்டது என்று புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை மலாய்மொழியில் நடக்கும் தேசியப் பள்ளிக்கு மாற்றுவது பற்றி விசாரித்துக்கொண்டிருக்கின்றன. இருக்கும் எண்ணிக்கையில் இரண்டு குடும்பம் என்பது எங்களுக்குச் சிறிய விஷயம் இல்லை.

அடுத்த வாரம் கூட்டம். பள்ளி வாரிய உறுப்பினர் ஒருவர் இரண்டு கோரிக்கைகளைக் கொண்டுவருகிறார். ஆறாம் ஆண்டு மலாய்மொழி ஆசிரியையை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. நம் பள்ளியின் விழுக்காட்டையும் பக்கத்துப் பள்ளியின் விழுக்காட்டையும் வரைபடமாகப் போட்டு மண்டபத்தில் மாட்டினால்தான் பொறுப்பு வரும் என்பது இன்னொன்று. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பள்ளி மீது உண்மையான அக்கறை உள்ளவர்.

என் தொழிலில், இரண்டு அளவுகள் வேறுபட்டால் பொருளைக் குறைசொல்வதற்கு முன் அளவுக்கருவியைச் சோதிப்போம். ஒரே பொருளை இரண்டு பேர் தனித்தனியாக அளந்தால் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்போம். பள்ளி மதிப்பீட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா? இந்த எண்ணைக் கொண்டு பள்ளி நன்றாக நடக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால், ஒரு பெற்றோர் சங்கம் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்? ஆசிரியர்களும் அனுபவமுள்ளவர்களும் சொல்லுங்கள்.

பதில் 1: நிபோங் திபால் டீச்சர்

தம்பி, முதலில் நிலை 3-ஐத் தொடாத அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 11 பேர் உள்ள வகுப்பில் ‘8 பேர் அடைந்தார்கள்’ என்று வரைபடம் மாட்டினால் பெயர் எழுத வேண்டிய அவசியமே இல்லை. மீதி மூவர் யார் என்று தாமான் (குடியிருப்பு) முழுவதற்கும் தெரியும். அவர்களுடைய அம்மா அப்பா அதே மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய தம்பி தங்கைகள் தினமும் அந்தச் சுவரைக் கடந்துதான் சிற்றுண்டிச்சாலைக்குப் போவார்கள். பெரிய பள்ளியில் விழுக்காடு ஒரு பொதுத் தகவல். உங்கள் பள்ளியில் அது மூன்று குடும்பங்களின் சொந்த விஷயம். ஆகவே வரைபடம் வேண்டவே வேண்டாம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து, இந்தப் பிள்ளைகள் யார் என்று பாருங்கள். 2025-இல் ஆறாம் ஆண்டு என்றால் 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டுக்கு வந்தவர்கள். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் ஏழு வயதுப் பிள்ளை மலாய்மொழி எழுத்துக் கூட்டத் தொடங்கும் நேரத்தில் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. அதன்பின் அப்பா வேலையிலிருந்து வந்த பிறகு கிடைக்கும் ஒரே கைப்பேசியில், அண்ணனோடும் அக்காவோடும் முறைவைத்துப் படித்த பிள்ளைகள் இவர்கள். இரண்டாம் ஆண்டிலும் பெரும்பகுதி அப்படியே போனது. 2024-இல் முடித்த 14 பேர் 2019-இல் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஒரு முழு ஆண்டு, ஆசிரியர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த ஓர் ஆண்டு கிடைத்தது. இந்த இரண்டு கூட்டத்தையும் அருகருகே வைத்துவிட்டு, வித்தியாசம் முழுவதும் ஆறாம் ஆண்டு ஆசிரியையால் வந்தது என்று சொல்வது நியாயமா?

ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யுபிஎஸ்ஆர் காலத்தில் நான் பாடம் நடத்தியவள். 1988-இல் தொடங்கிய அந்தத் தேர்வு கடைசியாக 2019-இல் நடந்தது, 2021-இல் அதை நீக்குவதாக அறிவித்தார்கள். அந்த நாளில் பள்ளியின் தரம் என்றால் தேர்ச்சி விழுக்காடும் ஜிபிஎஸ் என்ற ஓர் எண்ணும்தான். ஜிபிஎஸ் என்பது, ஏ-க்கு 1, பி-க்கு 2 என்று இ-க்கு 5 வரை போட்டு எடுக்கும் சராசரி, குறையக் குறைய நல்லது. இரண்டு தசம இடம் வரை எழுதிப் பணிமனைச் சுவரில் ஒட்டுவார்கள். 2010 வாக்கில் நாட்டின் பள்ளிகளை ஏழு பேண்டுகளாக, அதாவது தர அடுக்குகளாகப் பிரித்தார்கள். தேர்வு முடிவு அதில் பெரும்பங்கு வகித்தது. இலக்கைத் தாண்டிய தலைமையாசிரியர்களுக்கு வெகுமதியும் உண்டு. தமிழ்ப்பள்ளிகளில் 7ஏ, அதாவது ஏழு தாளிலும் ஏ, பெற்ற பிள்ளைகளின் படம் வாசலில் துணிப்பதாகையாகத் தொங்கும். 2016-இல் ஆங்கிலத்தை இரண்டு தாளாக்கியதும் அது 8ஏ ஆனது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பு உண்மையானது. நான் மகிழ்ச்சியோடு கைதட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்த எண்களுக்காகப் பள்ளிக்குள் என்ன நடந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். அனுபவமுள்ள ஆசிரியர்கள் எல்லாரும் ஆறாம் ஆண்டில் இருப்பார்கள். புதிதாக வந்தவர் முதலாம் ஆண்டில். எழுத்தே தெரியாமல் வரும் பிள்ளைக்குத்தானே கைதேர்ந்தவர் வேண்டும்? ஆறாம் ஆண்டில் ஓவியப் பாடமும் உடற்கல்வியும் மெல்ல மெல்லப் பயிற்சித்தாளுக்குப் போய்விடும். டி-யிலிருந்து சி-க்கு ஏறக்கூடிய பிள்ளைகளை முன்வரிசைக்குக் கொண்டுவந்து மாலைவரை பிடித்துவைப்பார்கள். மலாய்மொழித் தாள்கள் இரண்டிலும் சி கிடைக்காவிட்டால் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1-க்கு நேராகப் போக முடியாது, புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு இருக்க வேண்டும் என்பதால் அதில் ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் எப்படி முயன்றாலும் சி-க்கு வரமாட்டான் என்று முடிவுகட்டப்பட்ட பிள்ளை பின்வரிசையில் படம் வரைந்துகொண்டிருப்பான். அவன் இ-யிலிருந்து டி-க்கு வந்தாலும் தேர்ச்சி விழுக்காடு அசையாது, ஆகவே அவனுக்கு நேரம் ஒதுக்க யாருக்கும் கட்டாயம் இருக்கவில்லை. பள்ளியின் தரத்தை அளக்க வந்த எண் அந்தப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து மறைத்துவிட்டது.

நீங்கள் கேட்க வேண்டியது, இதே 11 பேர் எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறார்கள் என்பதை. நேரடி வகுப்பு மீண்டும் சீரானபோது, அதாவது மூன்றாம் ஆண்டின் முடிவில், ஒவ்வொருவரும் என்ன நிலையில் இருந்தார்கள்? ஐந்தாம் ஆண்டில்? இப்போது? 1-இல் இருந்த பிள்ளை 2-க்கு வந்திருந்தால் அது ஒரு பெரிய வேலை. 4-இல் இருந்த பிள்ளை மூன்று ஆண்டு கழித்தும் 4-இலேயே நின்றால் அங்கேதான் பள்ளியைக் கேள்வி கேட்க வேண்டும். 92.9 விழுக்காடு வாங்கிய முந்தைய வகுப்பில் அப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லையே! இடையில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? வருகை எப்படி? இவற்றைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள், பெயர் இல்லாமல்.

பதில் 2: செந்தூல் தந்தை

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். டீச்சர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இந்த விவாதம் வேறு ஒரு பக்கமும் உடையது.

என் மகன் ஆறாம் ஆண்டில் மலாய்மொழியில் 5-ஆம் நிலை என்று அறிக்கை வந்தது. வீட்டில் கொண்டாடினோம். படிவம் 1-இல் வரலாற்றுப் பாடநூலைத் திறந்தால் ஒரு பத்தியைப் படித்துத் தன் சொற்களில் சொல்ல முடியவில்லை. முதல் தவணையில் அவன் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த நாள்கள் உண்டு. எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஐந்தாம் ஆண்டிலேயே ஏதாவது செய்திருப்பேன். யுபிஎஸ்ஆரில் எத்தனை குறை இருந்தாலும் வெளியிலிருந்து ஒருவர் தாளைத் திருத்தினார். இப்போது கற்பிப்பவரே மதிப்பிடுகிறார். ஆண்டிறுதித் தேர்வான உவாசா வந்த பிறகும் திருத்துவது அதே பள்ளி ஆசிரியர்கள்தான்.

‘பிள்ளைகளின் பின்னணி’, ‘சிறிய எண்ணிக்கை’ என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அவற்றைச் சொல்லிச் சொல்லியே சில பள்ளிகள் ஆண்டுக்கணக்கில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கின்றன. வசதியுள்ள பெற்றோர் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பிச் சமாளிக்கிறார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? எண் இல்லாவிட்டால் அவர்களுக்காகப் பேச எங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? பிறைவாசி அவர்களே, அந்த வாரிய உறுப்பினரை ஒதுக்கிவிடாதீர்கள். கேள்வி கேட்க ஒருவராவது வேண்டும்.

பதில் 3: நிபோங் திபால் டீச்சர்

ஐயா, உங்கள் மகனுக்கு நடந்தது எந்தப் பிள்ளைக்கும் நடக்கக்கூடாது. எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் ஆண்டில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது உங்கள் மகனின் நிலை. பள்ளியின் விழுக்காடு அதை உங்களுக்குச் சொல்லியிருக்குமா? அந்தப் பள்ளி 95 விழுக்காடு என்று பதாகை கட்டியிருந்தால் அந்த 95-க்குள் அவனும்தான் இருந்திருப்பான். உங்களை ஏமாற்றியது, உள்ளே இருக்கும் திறனோடு பொருந்தாத ஓர் அடைவுநிலை. பிறைவாசித் தம்பி கேட்டாரே, இரண்டு பேர் அளந்தால் ஒரே எண் வருமா என்று, அதுதான் உங்கள் கேள்வியும்.

பதில் 4: சுண்ணக்கட்டி

நான் இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர், செபராங் பிறையில்தான். இரண்டு பேர் அளந்தால் ஒரே எண் வருமா என்ற கேள்விக்கு உள்ளிருந்து பதில் சொல்கிறேன்.

வகுப்பறை மதிப்பீட்டில் நாங்கள் ஒரே நாளில் ஒரே தாளை வைத்து முடிவு செய்வதில்லை. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று ஒவ்வொரு திறனுக்கும் ஆண்டு முழுவதும் பதிவு செய்து, கடைசியில் ஆசிரியரின் தொழில்சார் தீர்ப்பாக ஒரு நிலை தருகிறோம். பிள்ளையை அறிந்துகொள்ள இது நல்ல முறை. மாதக்கணக்கில் பார்த்த ஆசிரியருக்குத் தெரிவது ஒன்றரை மணி நேரத் தாளுக்குத் தெரியாது. ஆனால் நான் கொடுக்கும் 3-உம் அடுத்த பள்ளி ஆசிரியர் கொடுக்கும் 3-உம் ஒன்றா என்பதற்கு அந்த முறையில் தானாக உத்தரவாதம் வராது. அதற்காகத்தான் வழிகாட்டி நூலில் ஒருங்கிணைப்பு, வழிகாட்டல், கண்காணிப்பு, தடமறிதல் என்று நான்கு தர உறுதிப்பாட்டு வேலைகள் சொல்லப்பட்டுள்ளன. ஒருங்கிணைப்பு என்றால், ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மதிப்பிடுவதற்கு முன் உட்கார்ந்து, ‘இப்படி எழுதினால் 3, இப்படி எழுதினால் 4’ என்று ஒத்துக்கொள்வது. ஒரே ஆண்டுக்கு நான்கு வகுப்புள்ள பள்ளியில் அது நடக்கும். பிறைவாசியின் பள்ளியில் ஆறாம் ஆண்டுக்கு ஒரே வகுப்பு, ஒரே மலாய்மொழி ஆசிரியை. அவர் யாரோடு உட்கார்ந்து பேசுவார்?

இன்னொன்று. எங்கள் பணியறையில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை இது. ஒரு பிள்ளைக்கு 3 கொடுத்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. 2 கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்பார்கள், அறிக்கை எழுத வேண்டும். களைத்துப்போன ஒரு நவம்பர் மாலையில் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு எதைப் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஆசிரியை மூன்று பேருக்கு 2 போட்டிருக்கிறார். அவர் திறமையில்லாதவராக இருக்கலாம், நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் உண்மையை எழுதியவராகவும் இருக்கலாம். அந்த 2 மட்டுமே அவர் மீதான குற்றமாகி அவரை மாற்றினால், அடுத்து வருபவர் முதல் நாளே பாடம் கற்றுக்கொள்வார். அடுத்த ஆண்டு உங்களுக்கு நூறு விழுக்காடு கிடைக்கும். செந்தூல் ஐயாவின் மகனைப் போன்ற பிள்ளைகள் அப்படித்தான் உருவாகிறார்கள். யாரையும் பழிக்க இதைச் சொல்லவில்லை, நெஞ்சு கனக்கத்தான் சொல்கிறேன்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவும் இல்லை. பக்கத்துப் பள்ளியோடு விழுக்காட்டை ஒப்பிடாமல், கட்டுரைகளை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பள்ளியிலும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய மலாய்மொழிக் கட்டுரைகளைப் பெயரை மறைத்து எடுத்து, உங்கள் ஆசிரியை அவர்களுடையதற்கும் அவர்கள் ஆசிரியர் உங்களுடையதற்கும் நிலை போடட்டும். பிறகு இருவரும் உட்கார்ந்து, எங்கே வேறுபட்டது என்று பேசட்டும். இதைத் தலைமையாசிரியர்கள் இருவர் மனம்வைத்தால் நடத்தலாம். பெற்றோர் சங்கம் கேட்கலாம், ஆனால் உள்ளே உட்காரக்கூடாது.

பதில் 5: எண்ணும் எழுத்தும்

புள்ளியியல் கற்பிப்பவன், பினாங்குத் தீவில் வசிக்கிறேன். எண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உங்கள் பள்ளி இரண்டு ஆண்டும் கொஞ்சமும் மாறவில்லை, எந்தப் பிள்ளையும் நிலை 3-ஐ எட்டுவதற்கான வாய்ப்பு 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பள்ளியில் 11 பேரில் 8 அல்லது அதற்கும் குறைவானவர்கள் மட்டுமே எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 38 விழுக்காடு. 14 பேரில் 13 அல்லது 14 பேர் எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு. அதாவது ஐந்து ஆண்டில் ஒருமுறை பாராட்டு விழாவும், ஐந்தில் இரண்டு முறை அவசரக் கூட்டமும், பள்ளியில் எதுவும் மாறாமலேயே வரும். 11 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை 9 விழுக்காட்டுக்குச் சமம். ஒரு பிள்ளை மதிப்பீட்டு வாரத்தில் டெங்கியோடு மருத்துவமனையில் இருந்தால் பள்ளி 9 விழுக்காடு ‘சரிந்துவிடும்’. இந்த எண் தற்செயலாக ஏறி இறங்கும் அளவு 11 பேருக்கு ஏறத்தாழ 12 விழுக்காட்டுப் புள்ளி. 120 பேர் உள்ள பள்ளிக்கு அது 4-க்கும் குறைவு. சிறிய பள்ளிகள் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் மாறி மாறி நிற்பதற்கு இதுவே பெரிய காரணம். மூன்று ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 7 புள்ளியாகக் குறையும். அப்போதும் பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிட அது போதாது.

மற்ற நாடுகள் இந்த வழியில் நெடுந்தூரம் நடந்து பார்த்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1992 முதல் இடைநிலைப்பள்ளிகளின் தேர்வு முடிவுகளைப் பட்டியலாக வெளியிட்டார்கள். அங்கேயும் ஆசிரியர்களின் கவனம் சி, டி எல்லைக்கோட்டில் நின்ற பிள்ளைகள் மீது குவிந்தது, டீச்சர் நிபோங் திபாலில் பார்த்த அதே காட்சி. அதனால் 2016-இல் ‘புரோகிரஸ் 8’ என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். தொடக்கப்பள்ளி முடிவில் ஒரே நிலையில் இருந்த மாணவர்களோடு ஒப்பிட்டு, இந்தப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பாடங்களில் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்க்கும் அளவு அது. பின்வரிசைப் பிள்ளை ஒரு படி ஏறினாலும் அதில் கணக்கில் வரும். ஆனால் தொடக்கநிலை எண் இருந்தால்தான் அது நடக்கும். 2020, 2021-இல் தொற்றுக்காலத்தில் தொடக்கப்பள்ளித் தேர்வுகள் ரத்தானதால் 2024–25, 2025–26 கல்வியாண்டுகளுக்கு அந்த அளவையே கணக்கிட முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். நாட்டளவில் இவ்வளவு தரவு வைத்திருப்பவர்களே தொடக்கப்புள்ளி இல்லாமல் முடிவு சொல்லவில்லை. 2020-இல் முதலாம் ஆண்டில் நுழைந்த 11 பேரை வைத்து நாம் சொல்லலாமா? நம் அண்டை நாடான சிங்கப்பூரும் இடைநிலைப்பள்ளிகளைத் தேர்வு முடிவின்படி அடுக்கும் முறையை 2012-இல் கைவிட்டது.

ஆசிரியர் நண்பர் சொன்ன அச்சம் கற்பனையும் அல்ல. அமெரிக்காவில் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் மாணவர் மதிப்பெண்ணை வைத்தே ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் எடைபோடப்பட்டார்கள். மாநில விசாரணை 2011-இல் வெளிவந்தபோது, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் விடைகளை மாற்றுவது போன்ற முறைகேடு நடந்திருந்தது தெரிந்தது. 2015-இல் 11 கல்வியாளர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. படிக்கத் தெரியாத பிள்ளைகள் தேர்ச்சி பெற்றதாகப் பதிவானதால், அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் உதவி கிடைக்காமலே போனது. எனக்கு அந்த வழக்கில் மிகவும் வலித்த பகுதி அதுதான்.

பதில் 6: செந்தூல் தந்தை

கட்டுரை மாற்றும் யோசனை என் மனத்துக்குப் பிடித்திருக்கிறது. என் மகன் பள்ளியில் அது நடந்திருந்தால் அந்த 5 நின்றிருக்காது. ஆனால் ஒன்றை விடமாட்டேன்: அதன் முடிவு பெற்றோருக்குத் தெரிய வேண்டும். ‘ஆசிரியர்களுக்குள் பேசிக்கொண்டோம்’ என்று முடித்துவிடக்கூடாது. பள்ளியின் மொத்த எண்ணை வெளியிட வேண்டாம், சரி. ஒவ்வொரு பெற்றோருக்கும் தன் பிள்ளையின் நிலை மாறியதா என்று சொல்லியே ஆக வேண்டும்.

பதில் 7: சுண்ணக்கட்டி

அது நியாயமான கோரிக்கை. அறிக்கையில் இருக்கும் எண்ணோடு நிறுத்தாமல், பிள்ளை எழுதிய கட்டுரையையே பெற்றோர் முன் வைத்துப் பேசினால் இன்னும் நல்லது. ‘உங்கள் மகனுக்கு 3’ என்றால் பெற்றோர் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ‘இதோ, மூன்று வாக்கியத்துக்குப் பிறகு இவனால் தொடர முடியவில்லை’ என்று காட்டினால் வீட்டில் என்ன செய்வது என்று கேட்பார்கள்.

பள்ளியைப் பற்றிய கேள்விக்கும் ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வொரு பள்ளியும் எஸ்கேபிஎம் என்ற தர ஆவணத்தின்படி தன்னைத் தானே மதிப்பிடுகிறது. தலைமைத்துவம், நிர்வாகம், பாடத்திட்டமும் மாணவர் நலனும், வகுப்பறையில் கற்றல் கற்பித்தல், மாணவர் மேம்பாடு என்று ஐந்து தரங்கள். தேர்ச்சி எண்கள் கடைசித் தரத்தின் ஒரு பகுதிதான். நான்காவது தரம் வகுப்பறைக்குள் சென்று ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்று பார்த்து எழுதுவது. ஆசிரியையைப் பற்றி உண்மையான கவலை இருந்தால், தலைமையாசிரியர் அவருடைய வகுப்பைப் பார்த்திருக்கிறாரா, என்ன துணை கொடுத்தார் என்று கேளுங்கள்.

பதில் 8: பிறைவாசி

எல்லாருக்கும் நன்றி. கூட்டத்துக்கு முன்பே தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டேன். டீச்சர் சொன்னபடி பெயர் இல்லாமல் ஒரு பட்டியல் கேட்டேன். அவர் தயங்கவில்லை. இதை இப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார்.

11 பேரில் மூவர் நான்காம் ஆண்டுக்குப் பிறகு வேறு பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். நிலை 3-ஐத் தொடாத மூவரில் ஒருவர்தான் அப்படி வந்தவர், புதிதாக வந்த இன்னொரு பிள்ளை 5-இல் இருக்கிறார். ஆகவே ‘வெளியிலிருந்து வந்தவர்களால் குறைந்தது’ என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தொடக்கத்திலிருந்து இங்கேயே படித்த எட்டுப் பேரில் ஐவர் மூன்றாம் ஆண்டு முடிவில் 1 அல்லது 2-இல் இருந்திருக்கிறார்கள். அவர்களில் மூவர் இப்போது 3-க்கு மேல். எனக்குப் புதிதாகத் தெரிந்தது இன்னொன்று: 2024-இல் முடித்த 14 பேரில் ஆறு பேர் மூன்றாம் ஆண்டில் இருந்த அதே நிலையிலேயே ஆறாம் ஆண்டை முடித்திருக்கிறார்கள். நாங்கள் மேடை போட்டுப் பாராட்டிய ஆண்டு அது. இவ்வளவு சிறிய எண்ணை வைத்து அதையும் பெரிதாக்கக்கூடாது என்று புரிகிறது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி என்றே நினைக்கிறேன்.

வாரிய உறுப்பினரிடம் இந்தத் தாளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வரைபடம் மாட்டும் யோசனையை அவரே விட்டுவிட்டார். ஆசிரியை மாற்றம் பற்றி இன்னும் பிடிவாதமாக இருக்கிறார், கூட்டத்தில் அது பேசப்படும். கட்டுரை மாற்றத்துக்குப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் எங்கள் தலைமையாசிரியர் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

டீச்சர், கடைசியாக ஒன்று. எங்கள் பிள்ளைகள் படிவம் 1-இல் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? செந்தூல் ஐயா சொன்ன பிறகு அந்த நினைவாகவே இருக்கிறது.

பதில் 9: நிபோங் திபால் டீச்சர்

உண்டு, தம்பி. அதிகாரபூர்வமாக மதிப்பெண் கேட்டு அலையாதீர்கள், கொடுக்கவும் மாட்டார்கள். உங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று இடைநிலைப்பள்ளிகளுக்குத்தான் போவார்கள். 2024-இல் முடித்த அந்த 14 பேரின் பெற்றோரை ஒரு சனிக்கிழமை தேநீருக்கு அழையுங்கள். பிள்ளைகளும் வரட்டும். எந்தப் பாடத்தில் தடுமாறினீர்கள், தமிழ்ப்பள்ளியில் எது கூடுதலாகக் கிடைத்திருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்று அவர்களையே கேளுங்கள். புகுமுக வகுப்புக்குப் போன பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையை மறக்காமல் அழையுங்கள், முதலில் பேசவிடுங்கள். அந்த ஆசிரியையும் அங்கே இருக்க வேண்டும். ஆனால் விருந்தாளியாக, பதில் சொல்லும் இடத்தில் அல்ல. இதைக் கூட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு நாள் குறியுங்கள். பள்ளி விடுமுறையில் வைத்தால் தூரத்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் வர முடியும்.